நாலாம் நம்பர் பெட்டி பிடித்து வைத்திருந்த லாரி

சங்ககிரி மேட்டில் பொன்னுசாமி லாரி புக்கிங் ஆபீசின் மேல் இடி விழுந்து நாலாம் நம்பர் கம்ப்யூட்டர் கருகிப்போன அந்த மத்தியானத்தில், நாக்பூரிலிருந்து ஆரஞ்சு ஏற்றிக்கொண்டு வந்த செங்கோடனின் லாரி ஆபீஸ் வாசலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது; அதற்கப்புறம் எத்தனையோ ஐப்பசிகள் வந்து போயும், ஆபீஸ் சுவருக்கு இரண்டு தரம் சுண்ணாம்பு அடித்தும், மேட்டுப் புளியமரங்களை வெட்டி ரோட்டை நாலு வழியாக ஆக்கியும், அந்த லாரி கூப்பிடு தூரத்திலேயே இருந்தது, வந்துகொண்டே இருந்தது, வந்து சேரவில்லை.

இதை யாரும் மர்மமாக நினைக்கவில்லை. காரணம் எதிர்க் கடையில் டீ ஆற்றுகிறவருக்குக்கூடத் தெரியும். அந்த ஆபீசில் கீழே நாலு கம்ப்யூட்டர்கள், மேலே பரணறையில் ஒரு பெரிய பெட்டி. எந்த லாரி எங்கே ஏறியது, என்ன ஏற்றியது, எப்போது இறக்கியது என்பதெல்லாம் பெரிய பெட்டிக்குள் இருந்தது. கீழே இருந்த நாலுக்கும் சொந்தமாக ஒன்றும் கிடையாது, ஒயர் வழியே மேலே கேட்டு வாங்கி, எழுதி, திருப்பிக் கொடுக்கிற கைகள்தான் அவை. ஒரு லாரிக்கு ஒரு பக்கம். ஒரு பக்கத்தை ஒரு கம்ப்யூட்டர் எடுத்துவிட்டால், அது திருப்பி வைக்கிறவரை மற்ற மூன்றும் அதில் கை வைக்க முடியாது, திரையின் அடியில் 'வேறொருவர் கையில் இருக்கிறது' என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்து மினுங்கும். அந்தப் புரோகிராமை எழுதிக் கொடுத்த ஆள் எப்போதோ மஸ்கட் போய்விட்டார். அவர் போன பிறகு அதில் ஒரு புள்ளியை மாற்றுகிற தைரியம் கூட யாருக்கும் வரவில்லை.

ஆபீசில் ஒரு பழக்கம் இருந்தது. டிரைவர் சங்ககிரிக்கு முன்னாலேயே மகுடஞ்சாவடியில் வண்டியை ஓரங்கட்டி, போன் போட்டு, "வந்துட்டனுங்க" என்று சொன்னதுமே, போனை எடுத்த குமாஸ்தா அந்த லாரியின் பக்கத்தைத் திறந்து 'வந்து சேர்ந்தது' என்கிற கட்டத்தில் நின்றுகொள்வார். எழுத மாட்டார், மூடவும் மாட்டார். லாரியின் மூக்கு வாசலில் தெரிகிறவரை பக்கத்தைப் பிடித்து வைத்திருப்பார், ஏனென்றால் விட்டால் பக்கத்து சீட்டுக்காரர் அதை எடுத்துத் தன்னுடைய பார்ட்டியின் அடுத்த லோடை அந்த லாரியின் தலையில் கட்டிவிடுவார். அன்றைக்கு நாலாம் நம்பரில் இருந்தவர் செங்கோடனின் பக்கத்தை அப்படிப் பிடித்து வைத்திருந்தபோதுதான் இடி விழுந்தது. நாலாம் நம்பர் புகைந்து செத்தது. பரணறையில் பெரிய பெட்டிக்கு பேட்டரி இருந்ததால் அது கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை, கீழே என்ன ஆனது என்று அதற்குத் தெரியாது; அதைப் பொறுத்தவரை நாலாம் நம்பர் இன்னும் செங்கோடனைக் கையில் வைத்திருந்தது. குமாஸ்தா வேலையை விட்டுப் போய் செல்போன் கடை வைத்துவிட்டார், கருகின கம்ப்யூட்டர் காயலான் கடைக்கு எடைக்குப் போய்விட்டது, கை போய்விட்டது, பிடி மட்டும் இருந்தது.

லாரி வந்தது. வாசலுக்கு முன்னால் வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கியது, செங்கோடன் பிரேக்கை மிதித்தான், பிரேக் பிடித்தது, ஆனால் வண்டி நிற்கவில்லை. இதோ திருப்பிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்பதுபோல ஜன்னலில் கையை நீட்டிக் காட்டிவிட்டு பவானிப் பக்கம் போனான். கொஞ்ச நாள் கழித்து சேலம் பக்கமிருந்து மறுபடியும் வந்தான், மறுபடியும் கையைக் காட்டினான், மறுபடியும் போனான்.

முதல் வருஷம் லாரியின் பின்னாலேயே ஊர் ஓடியது. மெக்கானிக்குகள் மோட்டார் பைக்கில் துரத்திக்கொண்டே பிரேக்கைச் சோதித்தார்கள். போலீஸ்காரர்கள் ரோட்டில் தடுப்பு வைத்தார்கள், தடுப்பு அப்படியே இருக்க லாரி தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தது. இன்சூரன்ஸ்காரர் வந்து மரத்தடியில் காத்திருந்து, லாரி கடந்து போகிறதைக் கண்ணால் பார்த்து, இது தொலைந்தும் போகவில்லை, விபத்திலும் சிக்கவில்லை, வழியில் இருக்கிறது, வழியில் இருக்கிற வண்டிக்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்டுவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போனார். கோயமுத்தூர் பழ வியாபாரி வந்து கத்தினார், அடுத்த வருஷம் வந்து அழுதார், அதற்கடுத்த வருஷத்திலிருந்து வேகத்தடையருகில் நின்று, லாரி போகும்போது அடிக்கிற ஆரஞ்சு வாசனையைக் கண்ணை மூடி மோந்து பார்த்துவிட்டு, "சரக்கு நல்ல சரக்குதான்" என்று சொல்லிவிட்டுப் போவதை வழக்கமாக்கிக்கொண்டார்.

அப்புறம் ஊர் பழகிவிட்டது. டோல்கேட்டில் அந்த லாரியைக் கண்டால் கம்பத்தைத் தூக்கிவிடுவார்கள். மசக்கைக்காரிகளை வாசனை பிடிக்க ரோட்டோரம் கூட்டி வருவார்கள், அந்த வாசனைக்கு வாந்தி நின்றுவிடும் என்று எடப்பாடி வரை பேச்சு. பென்ஷன் வராதவர்கள், பட்டா வராதவர்கள், மாப்பிள்ளை வீட்டிலிருந்து பதில் வராதவர்கள் எல்லோரும் "செங்கோடன் லாரியில ஏத்தி உட்டுருக்குது" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். புதிதாகத் தொலைதூர லைனுக்குப் போகிற டிரைவர்கள் அந்த லாரிக்கு வழி விட்டு ஓரமாக ஒதுங்கி ஒரு தரம் விளக்கைப் போட்டு அணைப்பார்கள். சாமி என்று யாரும் கும்பிடவில்லை. களைத்துப்போன ஒரு டிரைவருக்கு இன்னொரு டிரைவர் காட்டுகிற மரியாதை அது, அவ்வளவுதான்.

ஏனென்றால் செங்கோடன் களைத்திருந்தான். அதுதான் அந்தச் சங்கதியில் பொல்லாதது. மாற்று டிரைவர் இல்லாமல் நாக்பூரிலிருந்து ஒற்றை ஆளாக ஓட்டி வந்தவன் அவன். வண்டியில் டீசல் முள் பாதியிலேயே நின்றது, டயர் தேயவில்லை, ஆரஞ்சு அழுகவில்லை, அவனுக்குப் பசி வரவில்லை, தாடி வளரவில்லை, ஆனால் மகுடஞ்சாவடிக்கு வந்தபோது கண்ணில் என்ன தூக்கம் இருந்ததோ அந்தத் தூக்கமும் அப்படியே நின்றது, கூடவும் இல்லை குறையவும் இல்லை, அது கண்ணுக்குள் மணலாக உறுத்திக்கொண்டே இருக்க அவன் ஓட்டிக்கொண்டே இருந்தான்.

அவன் பெண்சாதி பாவாயி, தன் புருஷனைப் பிடித்து வைத்திருக்கிறது எதுவென்று பார்க்க ஒருநாள் ஆபீசுக்கு வந்தாள். பார்க்க ஒன்றும் இல்லை. நாலாம் நம்பர் இருந்த மேஜையில் ஒரு கருப்புக் கறை இருந்தது. அவள் போகவில்லை. முதலாளி பொன்னுசாமி அவளைப் போகச் சொல்லவும் இல்லை. முதலில் குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்தாள், அப்புறம் தூசு துடைத்தாள், துடைக்கும்போது கம்ப்யூட்டரின் எழுத்துச் சாவிகளைப் பார்த்தாள், குமாஸ்தாக்கள் எந்தச் சாவியைத் தட்டினால் திரையில் எது வருகிறது என்று பார்த்தாள், யாரையும் கேட்காமல் மெல்ல மெல்லத் தானாகவே கற்றுக்கொண்டாள். அதனால் இங்கிலீஷ் எழுத்துகள் அவளுக்குப் பள்ளிக்கூட வரிசையில் தெரியாது, சாவிப் பலகையின் வரிசையில்தான் தெரியும். கொஞ்ச வருஷத்தில் மூன்றாம் நம்பர் சீட் அவளுடையதாயிற்று. காலையில் வந்ததும் முதல் வேலையாக செங்கோடனின் லாரி நம்பரைத் தட்டுவாள். வேறொருவர் கையில் இருக்கிறது என்று வரும். சாயங்காலம் கிளம்பும்போது இன்னொரு தரம் தட்டுவாள். வேறொருவர் கையில். அந்த வேறொருவரை அவள் ஒரு சக்களத்தியாக நினைத்து வைததும் உண்டு, பிறகு வைகிறதும் அலுத்துப்போய், பக்கத்து வீட்டுக்காரியை விசாரிப்பதுபோல "இன்னைக்காச்சும் கைய எடுப்பியா" என்று மட்டும் கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

பெரிய பெட்டியை ஒருதரம் நிறுத்திப் போட்டால் பிடியெல்லாம் விட்டுப்போகும் என்று முதல் மாசத்திலேயே சொன்னவன் ஆல்பர்ட். ஈரோட்டிலிருந்து மொபெட்டில் வந்து பெட்டிகளைப் பார்க்கிறவன் அவன், சங்ககிரி, திருச்செங்கோடு, பள்ளிபாளையம் எங்கும் அரதப் பழசான பெட்டிகளை உயிரோடு வைத்திருக்கிறது அவன் ஒருவன்தான் என்பதால் எப்போதும் இன்னொரு இடத்துக்குப் போக வேண்டியவன்போலவே நிற்பான். ஆனால் அவனே இன்னொன்றும் சொன்னான்.

"சுத்திக்கிட்டு இருக்கற வரைக்கும் சுத்தும்க்கா. நிறுத்துனா எந்திரிக்குமான்னு அந்தக் கர்த்தருக்குத்தான் வெளிச்சம்."

"எந்திரிக்காட்டி?" என்றாள் பாவாயி.

"உள்ள இருக்கற பக்கமெல்லாம் போச்சு."

"பக்கம் போனா அந்தப் பக்கத்துக்குள்ள இருக்கறவரு?"

ஆல்பர்ட் மொபெட்டின் ஹேண்டில்பாரைப் பார்த்தான். நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்றால், மற்றதையெல்லாம் நகல் எடுக்கும், யாரோ கையில் வைத்திருக்கிற கோப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகும், லாரிகளெல்லாம் இருந்தது அந்த ஒரே கோப்பில்தான். அதனால் பாவாயி வேண்டாம் என்றாள். முதலாளிக்கும் அதுதான் சௌகரியம், பெட்டி நின்றால் தொழில் நின்றுவிடும் என்கிற பயம் அவருக்கு. அந்த வேண்டாம் என்கிற சொல்லின் மேல்தான் அத்தனை வருஷமும் ஓடியது. பெட்டி சுற்றியது, லாரி சுற்றியது, வீட்டுக்கும் ஆபீசுக்கும் அவளும் சுற்றினாள்.

வருகிற நாளில் அவள் வேகத்தடையருகில் நிற்பாள். மேட்டில் லாரியின் நெற்றி தெரிந்ததும் டீக்கடைக்காரர் குரல் கொடுப்பார், மேஜையில் எது எப்படிக் கிடந்தாலும் விட்டுவிட்டு ஓடுவாள், வண்டி தடையில் தயங்குகிற நேரத்தில் புட்போர்டில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். பெட்ரோல் பங்க் வரை அவளுக்கு அந்தக் குடும்பம். பங்க்கைத் தாண்டினால் கம்பி கையில் இருக்காது, தானாக ரோட்டோரம் நின்றுகொண்டிருப்பாள், லாரி தூரத்தில் போகும். சண்டை போட்டால்கூட பங்க்குக்குள் போட்டு முடித்தாக வேண்டும், சமாதானத்துக்கு அடுத்த தடவைதான்.

பெரிய பெட்டிக்குள் சோளம் பொரிகிற மாதிரிச் சத்தம் கேட்கத் தொடங்கியது ஒரு ஆவணியில். ஆல்பர்ட் பரணறையில் மண்டியிட்டுப் பெட்டியின் விலாவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, சட்டையில் ஒட்டின நூலாம்படையோடு கீழே இறங்கி வந்தான்.

"அக்கா, அதுக்கு மூச்சு வாங்குது. தீபாவளி தாண்டாது."

முதலாளி பொன்னுசாமி சோம்பை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தவர் மெல்வதை நிறுத்தினார். "தானா நின்னா என்னடா ஆகும்?"

"ஓடிக்கிட்டே செத்தா எல்லாம் கையில இருக்கறபடியே போயிரும்ங்க. எல்லாரும் வெளிய வந்து, ஒழுங்கா மூடி, நிறுத்தி, மறுபடியும் போட்டா ஒரு வழி இருக்குது. எந்திரிக்கறதுக்குப் பாதி, எந்திரிக்காம இருக்கறதுக்குப் பாதி."

"என்ற லாரி பூராம் அதுக்குள்ள இருக்குதுடா, ஆல்பர்ட்டு."

"உங்க லாரி பூராம் ரோட்டுல இருக்குதுங்க முதலாளி. நாலாம் நம்பர் பிடிச்சது ஒண்ணே ஒண்ணுதான் அதுக்குள்ள இருக்குது."

முதலாளி பாவாயியைப் பார்த்தார். அவருக்குச் சர்க்கரை, பேத்தி கல்யாணம், புது சாப்ட்வேர்க்காரன் கொடுத்த விலைப்பட்டியல் என்று ஆயிரம் இருந்தது, ஆனாலும் அந்த விஷயத்தில் தன் வாயால் ஒன்றைச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. "நீ சொல்றதுதான் அம்மிணி. நிறுத்துன்னா நிறுத்தறது. இருக்கட்டும்னா, நின்னு போறவரைக்கும் இருக்கட்டும்."

புருஷனையே கேட்டுச் சொல்கிறேன் என்று பாவாயி தன் சீட்டுக்குப் போனாள். அவர்களின் தலைக்குமேல் பெட்டி பொரிந்துகொண்டே இருந்தது. லாரி வருகிறவரை பொரிந்தது.

லாரி ஒரு வியாழக்கிழமை வந்தது. அவள் ஏறிக் கம்பியைப் பிடித்தாள். செங்கோடன் ரோட்டைப் பார்த்தபடியே, "இன்னைக்கு என்ன கெழம புள்ள?" என்றான். எப்போதும் முதலில் அதைத்தான் கேட்பான்.

"வெசாழன்."

"எப்பப் பாரு வெசாழங்கற."

"நீங்க அப்பிடி வர்றீங்க. நான் என்ன பண்றது?" அவள் முகத்தில் பறந்த முடியை ஒதுக்கினாள். "போன தடவ நீங்க போன பொறவு பங்க்குல ஒருத்தன் கேட்டான், வண்டியில போறது உங்க தம்பிங்களான்னு."

செங்கோடனுக்குச் சிரிப்பு வந்தது. "நீ என்ன சொன்ன?"

"ஆமான்னேன். எதுக்கு வம்பு? இன்னும் நாலு வருஷம் போனா மகனாங்கறான்."

அவன் சிரித்தான், சிரிப்பு கொட்டாவியாக நீண்டது, கொட்டாவியில் கண்ணில் தண்ணீர் வந்தது. முப்பது வயதுக்காரனின் முகத்தில் செங்கல் நிறத்தில் இரண்டு கண்கள். அவற்றைக் கசக்க அவன் கையை எடுக்க மாட்டான், கண்ணை ஒரு நொடி மூடினால் தூங்கிவிடுவோம் என்கிற பயம் அவன் கையில் ஊறியிருந்தது.

"ஏனுங்க," என்றாள் பாவாயி. "மேல இருக்கற பெட்டி சாவப் போவுதாமா. அதுக்கு முந்தி நாமளே நிறுத்திப் போடலாம்ங்கறான் ஆல்பர்ட்டு."

"நிறுத்துனா?"

"எந்திரிச்சா நீங்க வந்துருவீங்க. இல்லீனா..."

"இல்லீனா?"

"தெரியாதுங்க. யாருக்கும் தெரியாது. நானும் இத்தன வருஷமா அந்த இல்லீனாவுக்குப் பயந்துக்கிட்டுத்தான் வேண்டாம் வேண்டாம்னு சொல்லீட்டு இருந்தன்."

பஞ்சர் கடை போனது, சிமெண்டுக் கடை போனது. அவன் யோசிக்கிறான் என்று நினைத்தாள். அவன் இமை பாதி இறங்கி, திடுக்கென்று ஏறியது.

"பாவாயி, அந்த ரெண்டுல எதுலயாச்சும் தூக்கம் இருக்குதா?"

இந்த ஆள் வந்து சேர்வதைப் பற்றி அவள் எத்தனையோ விதமாக நினைத்திருக்கிறாள், வாசலில் ஆரத்தி எடுப்பதாக, சீட்டில் உட்கார்ந்து தானே அந்தக் கட்டத்தில் எழுதுவதாக, ஊர் பார்க்க அவன் கையைப் பிடித்து நடப்பதாக. அவன் ஒரு தூக்கத்துக்காகக் காத்திருக்கிறான் என்பதை அவள் கண்ணால் பார்த்தும் மனசால் நினைக்காமல் இருந்துவிட்டாள்.

"ரெண்டுலயும் இருக்குதுங்க," என்றாள்.

"அப்பறம் எதுக்கு ரோசன? நிறுத்தச் சொல்லு."

பங்க் வந்தது, கம்பி கையில் இல்லை, அவள் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த தடவை மேட்டில் லாரி தெரிகிற நாளில் நிறுத்துவது என்று முடிவானது. ஆல்பர்ட் வேறெந்த ஊருக்கும் போகாமல் ஆபீசிலேயே பாயைப் போட்டுக்கொண்டு கிடந்தான். டீக்கடைக்காரர் வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்து பழ வியாபாரி கோயமுத்தூரிலிருந்து வந்து, இரண்டு நாள் லாட்ஜில் இருந்து பார்த்துவிட்டு, வீட்டில் பெண்சாதி தனியாக இருக்கிறாள் என்று திரும்பிப் போய்விட்டார். எல்லோருக்கும் அலுத்துப்போய், சாப்பிட்ட வாயைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் குரல் வந்தது.

"பாவாயக்கோவ்! நெத்தி தெரியுது!"

பெரிய பெட்டியில் கை வைக்கும்போது கீழே யாரும் எந்தப் பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. அதற்கு அந்த ஆபீசில் ஒரு முறை உண்டு, ஆல்பர்ட் மேலேயிருந்து கூப்பிடுவான், ஒவ்வொருவரும் தன் நம்பரைச் சொல்லி வெளியே வந்துவிட்டேன் என்று கத்த வேண்டும்.

"எல்லாரும் வெளிய வந்தாச்சா?" என்று பரணறையிலிருந்து கேட்டது.

"ஒண்ணு வெளிய!" என்றார் வாசலோர சீட்டுக்காரர்.

"ரெண்டு வெளிய!"

"மூணு வெளிய," என்றாள் பாவாயி. பிறகு கருப்புக் கறை இருந்த மேஜையருகில் போய் நின்றாள். அங்கே உட்கார யாரும் இல்லாததால் அங்கேயிருந்து யாரும் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. அவள் மேஜையின் மேல் கையை வைத்தாள். "நாலும் வெளிய, ஆல்பர்ட்டு."

மேலே பொரிகிற சத்தம் மெலிந்தது, மெலிந்து ஒரு நீண்ட மூச்சாக இறங்கியது, நின்றது. அப்போதுதான் தெரிந்தது, அந்தப் பெட்டியின் இரைச்சல் அத்தனை வருஷமும் எல்லோருடைய காதிலும் இருந்தது என்று. முதலாளியின் வாயில் சோம்பு நொறுங்குகிற சத்தம் கூடக் கேட்டது.

லாரி வேகத்தடையில் ஏறியது. இறங்கியது. செங்கோடன் பிரேக்கை மிதித்தான்.

புஸ்ஸென்று காற்று பிரிந்தது, முன்சக்கரம் ஒரு முறை குலுங்கியது, வண்டி நின்றது. வாசலுக்குள் திருப்பவில்லை, ஓரங்கட்டவும் இல்லை, ரோட்டுக்குக் குறுக்கே கொஞ்சம் கோணலாக நின்ற இடத்திலேயே நின்றது. அவன் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான். ஸ்டியரிங்கின் மேல் கையை மடித்து வைத்து, கையின் மேல் தலையை வைத்தான். பாவாயி ஓடிப்போய்க் கதவைத் திறந்து ஏறி, அவன் தலையை எடுத்துத் தன் மடியில் வைப்பதற்குள் அவன் குறட்டை விடத் தொடங்கியிருந்தான்.

நின்றுபோன காலமெல்லாம் அந்த வண்டியைத் தேடி வந்தது. முதலில் தார்ப்பாய் வெளுத்து, நைந்து, கிழிந்தது. ஆரஞ்சின் வாசனை இனித்து, புளித்து, சாராயமாகி, பின்பக்கப் பலகை இடுக்கில் சாறு ஒழுகி, கடைசியில் சருகு வாசனையாகி நின்றது. டயர்கள் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்து தார் ரோட்டில் விழுந்தது. கூடியிருந்த ஊர் அதையெல்லாம் பார்த்துவிட்டு, அப்புறம்தான் கேபினைப் பார்த்தது.

செங்கோடனின் காதோரம் நரை ஏறிக்கொண்டிருந்தது. தூங்குகிற முகத்தில், நெற்றியில், கண்ணோரத்தில், அவன் இல்லாத வருஷங்கள் கோடு கோடாக வந்து உட்கார்ந்துகொண்டிருந்தன.

"எழுப்பு அம்மிணி!" என்று கத்தினார் முதலாளி. "வயசு ஓடுது அவனுக்கு! தூங்க உடாத, எழுப்பு!"

"தண்ணியக் கொண்டாங்க!" என்றார் டீக்கடைக்காரர். "மூஞ்சியில அடிச்சா எந்திரிச்சிருவான். எந்திரிச்சா நின்னுரும்."

ஒருவர் சொம்போடு ஓடி வந்தார். பாவாயி அதை வாங்கினாள். மடியில் கிடந்த முகத்தைப் பார்த்தாள். இப்போது எழுப்பினால் தன்னைவிட இளையவனாக ஒருவன் எழுந்திருப்பான், எழுந்து இறங்குவான், ஊர் பார்க்க நடப்பான், அந்தச் செங்கல் கண்களோடு. எழுப்பாவிட்டால் இந்த வயது எங்கே போய் நிற்கும் என்று யாரும் சொல்லப்போவதில்லை, தன் வயதில் நிற்கலாம், தன் வயதைத் தாண்டி, சுடுகாட்டைத் தாண்டிப் போய்விடலாம். அவன் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கை ஸ்டியரிங்கை விட்டு அவள் முழங்காலின் மேல் செத்த பாம்புபோலக் கிடந்தது, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு எதையும் பிடித்துக்கொண்டிருக்காத கை.

"அவுங்க தூங்கறாங்க," என்றாள். சொம்பை எடுத்துத் தான் குடித்தாள். "சத்தம் போடாதீங்க."

நரை மேலே ஏறியது, கன்னம் ஒடுங்கியது, கழுத்தில் தோல் தளர்ந்தது. அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் அவள் முகத்துக்குச் சமமாக வந்தது. வந்து நிற்காமல் இன்னும் போனது, கொஞ்ச தூரம் போனது, கல்யாணத்தன்று மணவறையில் அவளைவிட எவ்வளவு மூத்தவனாக உட்கார்ந்திருந்தானோ அவ்வளவு தூரம் போனது. அங்கே நின்றது.

அவள் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

ஆல்பர்ட் பரணறைப் படியில் இறங்கி வந்து வாசலில் நின்றான். "எந்திரிக்கலீங்க முதலாளி. நாலு தரம் போட்டுப் பாத்துட்டேன்."

முதலாளி படியில் உட்கார்ந்தார். தொழில் முழுக்க அந்தப் பெட்டிக்குள் இருந்தது. வைய வாயெடுத்தவர் ரோட்டில் நின்ற லாரியைப் பார்த்தார், அப்புறம் சட்டைப் பையில் செல்போனைத் தடவி எடுத்து, தெரிந்த டிரைவர்களின் நம்பரை ஒவ்வொன்றாகப் போட்டு, "எங்க கண்ணு இருக்கற?" என்று தணிந்த குரலில் கேட்கத் தொடங்கினார். "என்ன ஏத்தியிருக்கற? சாப்பிட்டியா?" என்றும் கேட்டார். இதையெல்லாம் அவர் முன்னால் யாரையும் கேட்டதில்லை, திரையைப் பார்த்துக்கொள்வதோடு சரி.

குறுக்கே நின்ற லாரிக்குப் பின்னால் சேலம் பக்கமிருந்து வந்த வண்டிகள் நின்றன. சிமெண்டு லாரி நின்றது, கேஸ் டேங்கர் நின்றது, கோழி வண்டி நின்றது, அதற்குப் பின்னால் பார்க்கிற தூரம் வரை நின்றது. முன்னால் என்ன என்று இறங்கி நடந்து வந்து பார்த்தவர்கள் கேபினுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போய் அடுத்த வண்டிக்காரரிடம் சொன்னார்கள், அவர் அதற்கடுத்தவரிடம் சொன்னார். எறும்பு குறுக்கே போனால்கூட ஹாரன் அடிக்கிற ஆட்கள், ஒருவரும் ஹாரனில் கை வைக்கவில்லை. ஒவ்வொருவராக இன்ஜினை அணைத்தார்கள். யாரும் ஏற்பாடு செய்யவில்லை, ஆனால் மகுடஞ்சாவடி வரை அந்த மத்தியான வெயிலில் கேபின்களுக்குள் ஆட்கள் சீட்டில் சாய்ந்தார்கள், துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார்கள், ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்தார்கள், தூங்கினார்கள்.

வெயில் சாய்ந்து கேபினுக்குள் வந்தபோது செங்கோடன் புரண்டான். பாதிக் கண் திறந்தது. தன் மேல் குனிந்திருந்த முகத்தைப் பார்த்தான், அடையாளம் கண்டுகொண்டதுபோல இமை அசைந்தது.

"ரொம்ப நேரம் தூங்கிப்போட்டனா?" என்றான். குரல் வயசான குரலாக இருந்தது. அது அவன் காதுக்கு இன்னும் எட்டவில்லை.

"இல்லீங்க," என்றாள் பாவாயி. "இப்பத்தான் கண்ணசந்தீங்க."

சொல்லிவிட்டு, மரத்துப்போயிருந்த காலை மெதுவாக நீட்டி, தலையைக் கதவில் சாய்த்து, அவளும் கண்ணை மூடினாள்.